பெட்டி வராத நடைப்பயணம்

சென்னையில் விமானம் இறங்கி, கடலோரமாகவே மரக்காணம் வழியாகப் புதுச்சேரி வரை நடக்கக் கிளம்புகிறீர்கள்; பெட்டி மட்டும் வந்து சேரவில்லை. பதற வேண்டாம். ஆனால் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். நடப்பவருக்கு நாளுக்கொரு ஊர். எந்தத் தேதியில் எங்கே தங்குவீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பன்னாட்டுப் பயணமென்றால், 2009 முதல் இந்தியாவும் ஏற்றிருக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதமான பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அவசரத்துக்கு வாங்கிய பொருள்களின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

துணியும் தொப்பியும் எங்கும் கிடைக்கும். பழகிய காலணி கிடைக்காது! மரக்காணம் உப்பளப் பக்கம் நிழலே அரிது. புதுச் செருப்பு கடித்த காலோடு அந்த வெயிலில் நடப்பது கொடுமை. நடக்கப்போகும் காலணியைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள்.