டீக்கடையிலிருந்து பெரு நாட்டுக்கு



இன்று ஒரு பயணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். இது உண்மையில் நடந்தது.

எர்ணாகுளத்தில் ஒரு சின்ன டீக்கடை. ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று பெயர். விஜயன் என்பவரும் அவர் மனைவி மோகனாவும் அதை நடத்தினார்கள். டீ ஆற்றுவதும் அவர்கள்தான். கிளாஸ் கழுவுவதும் அவர்கள்தான்.

உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. தினமும் கடை வருமானத்தில் 300 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு 1,09,500 ரூபாய். போதாததற்குக் கடன் வாங்கினார்கள். திரும்பி வந்து, டீ விற்றுக் கடனை அடைத்தார்கள். இப்படியே 25 நாடுகளுக்கு மேல் பார்த்துவிட்டார்கள். தென் அமெரிக்காவில் உள்ள பெரு, அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளுக்கும் போனார்கள்.

தென் அமெரிக்கா எங்கே இருக்கிறது? உலக உருண்டையில் ஏறக்குறைய நமக்கு மறுபக்கம். இங்கே சாலையில் காலை 8 மணி என்றால், பெருவில் முந்தின நாள் இரவு 9.30 மணி.

அவ்வளவு தூரத்து ஊர் நமக்கு அந்நியமா? இல்லை. நம் சாலைக் கடைத்தெருவைப் பாருங்கள். உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, மரச்சீனிக்கிழங்கு எல்லாம் தென் அமெரிக்காவில் பிறந்தவை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் விசாகம் திருநாள் மகாராஜா. மக்கள் பசி தீர மரச்சீனி பயிரிடும்படி அவர் ஊக்கம் கொடுத்தார். இன்றும் அது நம் அடுப்பில் வேகிறது.

அந்தக் கிழங்கு கப்பலில் வந்தது. நாம் அங்கே போக என்ன வேண்டும்?

முதலாவது, பாஸ்போர்ட். பத்தாம் வகுப்பு பாஸாகாதவர்களுக்கும் பாஸ்போர்ட் உண்டு. சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அவர்கள் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்கப் போக அந்த அனுமதி தேவையில்லை.

இரண்டாவது, விசா. நம் நாட்டுக்குள் வரலாம் என்று அந்த நாடு கொடுக்கும் அனுமதி அது. நாட்டுக்கு நாடு விதி மாறும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஊசி. அங்கே சில இடங்களில் மஞ்சள் காய்ச்சல் உண்டு. கொசுவால் பரவும் நோய் அது. மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. அரசு அங்கீகரித்த மையத்தில், புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்பே ஊசி போட வேண்டும். அங்கே கொடுக்கும் அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும். அது இல்லாமல் திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

நான்காவது, உடம்பு. பெருவில் குஸ்கோ என்ற ஊர் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேரளத்தின் உயரமான சிகரம் ஆனைமுடி. அதன் உயரமே 2,695 மீட்டர்தான். குஸ்கோவில் மூச்சு வாங்கும். தலை சுற்றும். முதல் நாள் ஓய்வு எடுக்க வேண்டும்.

பெருவில் ஸ்பானிஷ் மொழி. பிரேசிலில் போர்ச்சுகீஸ் மொழி. தங்கும் இடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், வழி தவறினாலும் காட்டிக் கேட்கலாம்.

பார்த்தீர்களா? பாஸ்போர்ட், விசா, ஊசி அட்டை, முகவரி. எல்லாமே எழுத்து.

என் மாமாவும் கடல் கடந்தவர்தான். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனார். ஒரு ஏஜெண்டு நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். வாயால் பேசிய சம்பளம் ஒன்று. தாளில் இருந்த சம்பளம் வேறு. இரண்டு வருடம் அந்தக் குறைந்த சம்பளத்துக்கே உழைத்தார். அடகு வைத்த நிலத்தை மீட்க முடியவில்லை. "அன்றைக்கு எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால்" என்று இன்றும் சொல்லுவார். நான் இந்த வகுப்புக்குத் தொண்டராக வந்ததே அதனால்தான்.

ஆகவே, படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம். பாஸ்போர்ட்டிலும் டிக்கெட்டிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இங்கிலீஷில் இருக்கும். அதனால் அடுத்த வாரம் நம் பெயரை இங்கிலீஷ் எழுத்திலும் எழுதிப் பழகுவோம்.

விஜயன் 2021 அக்டோபரில் மனைவியோடு ரஷ்யாவுக்குப் போய் வந்தார். அடுத்த மாதமே காலமானார். பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நாம் எல்லோரும் பெருவுக்குப் போகப் போவதில்லை. ஆனால் பழனிக்கோ, வேளாங்கண்ணிக்கோ, மகன் வேலை செய்யும் ஊருக்கோ போவோம். அப்போது பஸ்ஸின் பெயர்ப் பலகையை நாமே படித்து ஏறுவோம். நமக்கு அதுவே முதல் பயணம்.