பிள்ளையின் மாலைப்பொழுது
(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



குடியும் கஞ்சாவும் வெண்சுருட்டும் இளையோரைத் தின்று வருவதைப் பற்றிப் பேச்செடுத்தால், பழி உடனே இருவர்மேல் விழும். ஒருவர் ஆட்சியாளர்; மற்றொருவர் கெட்ட தோழர். அப்பழியில் பொய்யில்லை. ஆயின், பிள்ளை அத்தோழனோடு கூடிய வேளையில் வீட்டார் எங்கிருந்தனர், ஊரார் என் செய்தனர் என்னும் கேள்வி மட்டும் எழுவதேயில்லை. அக்கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டு விடையும் கண்ட நாடு ஒன்றுண்டு. வட அத்திலாந்திக்குக் கடலில், ஏறத்தாழ நான்கு இலக்கம் மக்களே வாழும் ஐசுலாந்து என்னும் பனித்தீவே அது.

குடியை அறியாத நாடன்று அது. 1915-இல் மதுவிலக்குக் கொணர்ந்து, பின்னர்ச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, இறுதியில் 1989-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளன்று பீருக்கும் கதவு திறந்த நாடு. 1998-இல் பதினைந்து, பதினாறு அகவைப் பிள்ளைகளிடம் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு திங்களுக்குள் குடித்து வெறித்திருந்தனர். நாள்தோறும் புகைத்தவர் 23 பேர். கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர் 17 பேர். வெள்ளி இரவுகளில் தலைநகர் இரெய்க்கியவிக்கின் தெருக்களில் நடப்பதற்கே மக்கள் அஞ்சினர்.

பள்ளிகளில் அறிவுரை கூறாமலில்லை. குடியின் கேட்டைப் படங்காட்டியும் சொற்பொழிவாற்றியும் விளக்கினர். பயன் விளையவில்லை. (குடியின் தீமையைப் பற்றிய கட்டுரைக்கு முதற்பரிசு பெற்ற மாணவன் குடிக்கமாட்டான் என்று எந்த ஆசிரியர் உறுதி கூறுவார்?)

அமெரிக்க உளநூலறிஞர் ஆர்வி மில்க்குமன் என்பாரின் கருத்து அவர்களுக்கு வழிகாட்டியது. மயக்கப்பொருளை நாடுவோன் உண்மையில் தன் மூளையில் நிகழும் ஒரு மாற்றத்தையே நாடுகிறான். கூத்தும் இசையும் ஓவியமும் விளையாட்டும் அம்மாற்றத்தைத் தீங்கின்றித் தரவல்லன என்றார் அவர். 1992-இல் தென்வர் நகரில், வழிதவறும் நிலையிலிருந்த பிள்ளைகளை அழைத்து, “உங்களுக்கு மருத்துவம் செய்கிறோம்” என்னாது, “நீங்கள் கற்க விரும்புவதைக் கற்பிக்கிறோம்” என்றே தம் பணியைத் தொடங்கினார்.

அதே 1992-இல் ஐசுலாந்து, தன் பள்ளிகளில் பயின்ற பதினான்கு முதல் பதினாறு அகவையினர் அனைவரிடமும் வினாத்தாள் கொடுத்து விடை பெற்றது. குடித்தவன் யார், குடியாதவன் யார் என்று பார்த்ததோடு நில்லாமல், குடியாதவன் ஏன் குடியவில்லை என்றும் ஆராய்ந்தனர். கிழமைக்கு மூன்று, நான்கு முறையேனும் முறையான விளையாட்டிலோ கலைப்பயிற்சியிலோ ஈடுபட்டவன்; பெற்றோருடன் மிகுதியான நேரம் கழித்தவன்; பள்ளியில் தன்மீது அன்பு கொண்டோர் உளர் என உணர்ந்தவன்; இரவில் வெளியே திரியாதவன் — இவர்களே தப்பினர். எப்பொழுதோ ஒருநாள் அருமையாகப் பேசிவிட்டால் போதும் என்று அதுவரை கருதியிருந்தனர். நாளும் உடனிருப்பதே பயன்தரும் என்பது இப்பொழுது தெளிவாயிற்று.

சட்டம் வந்தது. மாரிக்காலத்தில் பன்னிரண்டு அகவைவரையுள்ளோர் இரவு எட்டு மணிக்கு மேலும், பதின்மூன்று முதல் பதினாறு வரையுள்ளோர் பத்து மணிக்கு மேலும் பெரியோர் துணையின்றி வெளியே இருத்தலாகாது. ‘இஃது இளையோரைச் சிறைவைப்பதன்றோ?’ எனச் சிலர் கேட்கலாம். இங்குதான் ஊர் ஒன்றுபடுதலின் பொருள் விளங்குகிறது. ஒரு தாய் மட்டும் தன் மகனைப் பத்து மணிக்கு வீட்டுக்கு வா என்றால், “எல்லாரையும் அவரவர் வீட்டில் விடுகிறார்களே, என்னை மட்டும் ஏன் தடுக்கிறாய்?” என்பான் அவன். அக்கேள்விக்கு அவளிடம் விடையில்லை, நாள்தோறும் தோற்பாள். வகுப்பிலுள்ள அத்தனை பெற்றோரும் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, பெரியோரில்லாத விருந்துக்குப் பிள்ளையை விடோம், சிறுவர்க்குக் குடி வாங்கித் தரோம், பிறர் பிள்ளையையும் நம் பிள்ளையாகவே கண்காணிப்போம் என்று உறுதிகொண்டபோது, அக்கேள்வியே எழ இடமின்றிப் போயிற்று. வார இறுதி இரவுகளில் பெற்றோர் குழுவாகத் தெருக்களில் நடந்தனர். பெற்றோர் உலா என்று பொருள்படும் சொல்லையே அதற்குத் தம் மொழியில் ஆக்கிக்கொண்டனர். தடியில்லை, அதட்டலில்லை, தெரிந்த முகங்கள் தெருவில் நடமாடின, அவ்வளவே.

தடுத்ததோடு நின்றிருந்தால் அஃது கொடுமையாகவே முடிந்திருக்கும். தெருவினின்று அழைத்த பிள்ளைக்குப் போக்கிடம் வேண்டுமே! விளையாட்டுக் கூடங்களுக்கும் இசைப் பயிற்சிக்கும் அரசும் நகராட்சிகளும் பொருள் வழங்கின. இரெய்க்கியவிக்கு நகராட்சி, ஏழைப் பிள்ளையும் சேர்தற்பொருட்டுப் பயிற்சிக் கட்டணத்துக்கென ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கியது.

2016-இல் மீண்டும் கணக்கிட்டனர். குடித்து வெறித்தோர் 42-இலிருந்து 5 ஆயினர். நாளும் புகைத்தோர் 23-இலிருந்து 3. கஞ்சாவைத் தொட்டவர் 17-இலிருந்து 7. ஏறத்தாழ இருபதாண்டு உழைப்பு அது. ஓராண்டில் பலன் கேட்போர்க்கு இவ்வழி உதவாது.

அது செல்வ நாடு, சிறிய நாடு, உண்மையே. அங்கும் மதுக்கடைகளை அரசே நடத்துகிறது, இங்கும் அரசே நடத்துகிறது. அங்கு இருபது அகவை நிரம்பாதவர்க்கு விற்பனையில்லை, இங்குச் சட்டப்படி இருபத்தொன்று. ஏட்டளவில் தமிழ்நாட்டுச் சட்டமே கடுமையானது! வேறுபாடு கடையின் வாயிலுக்கு வெளியே இருக்கிறது. விடியலில் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் கூலித்தாயிடம், மகனோடு நேரம் கழி என்று கூறுவது நகையாடலாகும். அவள் திரும்பும்வரை அம்மகனுக்குத் துணை அவ்வூராரே.

அங்கு ஒவ்வொரு பள்ளியின் கணக்கும் அப்பள்ளிக்கே தனியே தரப்படுகிறது. பெயர் கெடுமென்று மறைப்பதில்லை. இங்கு முதலில் அத்தகைய கணக்கொன்று எடுக்கப்பெறல் வேண்டும். அதற்கும் காலமாகும் எனின், ஒன்று இன்றே செய்யத்தக்கது. ஊர்ப் பள்ளியின் விளையாட்டுத் திடல் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது. எட்டு மணிவரை அதனைத் திறந்து வைப்பதற்கும், முறைவைத்து நாளொன்றுக்கு இரு பெற்றோர் அங்கிருப்பதற்கும் பெயர்ப்பட்டி ஒன்று இக்கூட்டம் கலையுமுன் எழுதப்பெறலாம்.