வலிக்கு என்ன பேர்னு கேளுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க சேமிப்பு, வங்கிக் கடன், சந்தை என்று நிறைய நல்ல விஷயங்கள் சொன்னாங்க. எனக்கு உடல்நலம் என்று தலைப்புக் கொடுத்திருக்காங்க. உடல்நலம் என்பது கடல். அதில் ஒரே ஒரு வலியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துக்கிறேன்.

இடுப்பில் ஆரம்பிச்சு, பிட்டம் வழியா தொடையின் பின்பக்கம் இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, பாதம் வரைக்கும் கம்பி இழுத்த மாதிரி ஓடுகிற வலி. பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். இருமினாலும் தும்மினாலும் சுரீர்னு பாயும். ரொம்ப நேரம் உட்கார்ந்தா கூடும். சிலருக்குக் கால் மரத்துப்போகும், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். நம்ம ஊரில் இதற்கு வாயுப் பிடிப்பு, சுளுக்கு, நரம்பு இழுப்பு என்று பல பேர். மருத்துவர்கள் சயாட்டிகா என்பார்கள்.

இந்தப் பேர் எங்கிருந்து வந்தது? நம்ம உடம்பிலேயே பெரிய நரம்பு சயாட்டிக் நரம்பு. முதுகெலும்பின் அடிப்பகுதியில் இருந்து வருகிற வேர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே நரம்பாகி, பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்குகிறது. முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு டிஸ்க் இருக்கிறது. நாம ஜவ்வு என்று சொல்வது அதைத்தான். அந்த ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால், அழுத்துகிற இடம் முதுகு, வலிக்கிற இடம் கால். வீட்டு மெயின் போர்டில் கோளாறு இருந்தால் கடைசி ரூமில் விளக்கு அணையுதில்லையா, அதுபோலத்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் புரிஞ்சுக்கணும். சயாட்டிகா என்பது நோயின் பேர் இல்லை, ஒரு அறிகுறியின் பேர். காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் டெங்குவாலும் வரும், டைபாய்டாலும் வரும். இந்த வலியும் ஜவ்வு பிதுங்கினாலும் வரும், எலும்புக் கண்ணி முன்னால் நழுவினாலும் வரும், வயசான பிறகு நரம்பு போகிற பாதை சுருங்கினாலும் வரும், அபூர்வமாகக் கட்டியாலோ, முதுகெலும்பில் வருகிற காசநோயாலோ கூட வரும். இடுப்பு மூட்டுத் தேய்மானமும், சர்க்கரை நோயில் வருகிற கால் எரிச்சலும் இதே மாதிரி வேஷம் போடும். அதனால்தான் சொல்றேன், வலி குறைஞ்சாப் போதும்னு இருக்கக் கூடாது. எதனால் வந்ததுன்னு தெரியணும்.

இவ்வளவும் நான் தெரிஞ்சுக்கிட்ட கதையைச் சொல்றேன்.

நான் தையல் வேலை செய்பவள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பள்ளிச் சீருடை சீசனில் பத்து மணி நேரம் மெஷினில் உட்காருவேன். வலது காலில் இந்த வலி வந்து பதினோரு மாசம் நீடித்தது. மருந்துக் கடையில் மூணு வேளைக்கு மாத்திரை செட் போட்டுக் கொடுத்தாங்க. பக்கத்து ஊரில் எண்ணெய் போட்டு நீவி விட்டாங்க. காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று அதற்கும் ஆள் வந்தது. ஒரு கிளினிக்கில் என்ன ஊசி என்றே சொல்லாமல் இரண்டு ஊசி போட்டாங்க. நாலு நாள் பறந்தேன், அஞ்சாம் நாள் பழையபடி. இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, "தேய்மானம்மா, வயசாகுதுல்ல" என்றார்கள். எனக்கு அப்போது 38 வயசு.

கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை லேசா வீங்கியிருக்கு, ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு, எடுத்துட்டா இடுப்பு வலி தீர்ந்துடும் என்றார்கள். செலவு 45 ஆயிரம்.

போன இடத்தில் எல்லாம் நான் ஒன்றைச் சொன்னேன். வலி கால் வரைக்கும் இறங்குது, சுண்டுவிரல் பக்கம் மரத்திருக்கு என்று. அந்தப் பதினோரு மாசத்தில் ஒருத்தரும் என் பாதத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

45 ஆயிரத்துக்குக் குழுவில் உள்கடன் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மாதக் கூட்டத்தில் என் மனு வந்தபோது எங்கள் ஊக்குநர் அக்கா கேட்டாங்க: "கடன் தர்றதுக்கு ஒண்ணும் இல்லைம்மா. கர்ப்பப்பையை எடுத்தா சுண்டுவிரல் மரப்பு எப்படிப் போகும்னு டாக்டர் சொன்னாரா?"

யாரும் பேசவில்லை. அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. எங்க பன்னிரண்டு பேரில் மூணு பேருக்கு ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்தாச்சு. அதில் இரண்டு பேர் இடுப்பு வலிக்காகவே எடுத்தவங்க. "இன்னைக்கும் எனக்கு இடுப்பு வலி இருக்கே" என்று அந்த இரண்டு பேரும் அன்னைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாங்க. அந்தக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் எழுதினோம். கடன் மனுவை ஒரு மாதம் தள்ளி வைப்பது. என்னோடு இரண்டு உறுப்பினர்கள் அரசு மருத்துவமனைக்கு வருவது, பஸ் செலவு குழுவுடையது.

அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காலை எட்டு மணிக்குச் சீட்டுப் போட்டு, பதினொன்றரைக்கு உள்ளே போனோம். அந்த லேடி டாக்டர் முதலில் நடக்கச் சொன்னாங்க. அப்புறம் குதிகாலை ஊன்றி நட என்றாங்க, நடந்தேன். நுனிக்காலில் நட என்றாங்க, வலது கால் எழும்பவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலை மெதுவாகத் தூக்கினாங்க. பாதி உயரம் வரும் முன்னாலேயே இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்ந்தது. கட்டைவிரலை மேலே அழுத்தச் சொல்லிப் பலம் பார்த்தாங்க. பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரியுதா தெரியுதா என்று கேட்டாங்க. குதிகாலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினாங்க. இடது பாதம் துள்ளியது, வலது பாதம் துள்ளவில்லை.

எல்லாம் சேர்த்து ஏழெட்டு நிமிஷம். ஸ்கேனுக்கு முன்னாலேயே, "முதுகெலும்பில் கடைசி ஜவ்வா இருக்கணும்" என்று எழுதிக் கொடுத்தாங்க. நீண்ட நாள் வலி, காலில் பலக்குறைவு இரண்டும் இருந்ததால் எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. அவங்க எழுதினபடியே இருந்தது. அதே மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரும் பார்த்து, கர்ப்பப்பையை எடுக்க ஒரு காரணமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

எனக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. கொஞ்ச நாளுக்கு மட்டும் மாத்திரை, பிசியோதெரபி, வீட்டில் தினமும் செய்கிற பயிற்சி, அரை மணிக்கு ஒரு தடவை மெஷினை விட்டு எழுந்து நடப்பது. மூணு மாசத்தில் நுனிக்காலில் நின்னேன். இன்னைக்கு முழுசாப் போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. சீருடை சீசனில் தலைகாட்டும். ஆனா அது என்னன்னு எனக்குத் தெரியும், என்ன செய்யணும்னும் தெரியும். பாதி வலி பயத்தில்தான் இருந்தது. அது போயிடுச்சு.

இனி நீங்க எடுத்துக்கிட்டுப் போக வேண்டிய விஷயங்கள்.

முதலாவது, பயப்பட வேண்டாம். புதுசா வருகிற சயாட்டிகா பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலேயே குறையும். அதற்காகப் படுத்தே கிடக்கக் கூடாது. முடிஞ்ச அளவு நடமாடுவதுதான் நல்லது என்று இப்போது மருத்துவர்கள் சொல்றாங்க. ஆறு வாரம் கழிச்சும் குறையலைன்னாலோ, கால் பலம் குறைஞ்சாலோ காரணத்தைத் தேடியே ஆகணும்.

இரண்டாவது, ஸ்கேன் மட்டும் தீர்ப்பு இல்லை. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வும் நரம்பும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆனா வலியே இல்லாதவங்களுக்கு எடுத்தாலும் பலருக்கு ஜவ்வு பிதுங்கல் காட்டும். தலை நரைக்கிற மாதிரி அதுவும் வயசோடு வருவது. கையால் பரிசோதித்ததும் ஸ்கேனும் ஒத்துப்போனால்தான் அர்த்தம்.

மூன்றாவது, இதைக் கட்டாயம் மனசில் எழுதிக்குங்க. சிறுநீர் கழிக்க முடியாமல் அடைச்சாலோ, தன்னை அறியாமல் சிறுநீர், மலம் போனாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ, காலையில் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. அன்னைக்கே, அந்த நேரத்திலேயே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். முதுகின் அடியில் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குவதன் அடையாளம் அது. தாமதித்தால் நிரந்தரமா நின்றுவிடும். இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டே பெண்கள் நேரத்தைக் கடத்திடறோம். வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூங்க விடாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது, இவற்றில் எது இருந்தாலும் சீக்கிரம் காட்டணும். காசநோய் என்றால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், குணமாகக் கூடியதும்கூட.

நான்காவது, வலி மாத்திரை. மாசக்கணக்கில் கடையில் வாங்கிப் போட்டால் வயிற்றில் புண்ணும், சிறுநீரகத்துக்குக் கெடுதலும் வரும். சர்க்கரை, பிரஷர் உள்ளவங்களுக்கு ஆபத்து அதிகம். ஊசி போட்டால் பேரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்க.

ஐந்தாவது, கர்ப்பப்பை. அதை எடுத்தே ஆக வேண்டிய நிலைமைகள் உண்டு. புற்றுநோய், பெரிய கட்டி, மருந்துக்கு அடங்காத உதிரப்போக்கு. ஆனா காலில் இறங்குகிற வலிக்கு அது மருந்து இல்லை. மாதவிலக்கு நிற்கும் முன்னால் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தால் எலும்பு சீக்கிரம் பலம் இழக்கும். இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுத்தது பற்றிய வழக்கில், இதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. இரண்டாவது டாக்டரிடம் கேட்பது நம்ம உரிமை. அதுக்கு யாரும் கோவிச்சுக்க முடியாது.

டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீங்க. நாம குழுக் கணக்கு எழுதலையா, அதுபோல ஒரு தாளில் எழுதுங்க. வலி எங்கே ஆரம்பிச்சு எது வரைக்கும் போகுது, எத்தனை மாசம், எதனால் கூடுது, எதனால் குறையுது, எங்கே மரப்பு, சிறுநீர் எப்படிப் போகுது, காய்ச்சல் உண்டா, இதுவரை என்ன மருந்து சாப்பிட்டேன். பழைய சீட்டு, ஸ்கேன் எல்லாம் ஒரே பையில். கூட ஒரு ஆள். வெளியே வரும் முன்னால் மூணு கேள்வி கேளுங்க: என் வலிக்கு என்ன பேர்? அதை எதை வெச்சுச் சொல்றீங்க? இந்த வைத்தியம் பலிக்கலைன்னா அடுத்து என்ன?

பணம் இல்லைன்னு நிற்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவங்க அடுத்த வாரமே எடுத்திடுங்க. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாதவங்க வீட்டுக்கே பிசியோதெரபி வருது. அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் யார்? நம்ம மாதிரி சுய உதவிக் குழுப் பெண்கள்தான். சந்தேகம் என்றால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்க.

நிறைவாக இந்தக் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நாம கடன் மனுவில் தொழில் என்ன, வருமானம் என்ன, எப்படித் திருப்பிக் கட்டுவே என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். மருத்துவக் கடனுக்கு மட்டும், பாவம் கஷ்டம்னு, ஒண்ணும் கேட்காமல் கையெழுத்துப் போடுறோம். இனிமேல் அவசரம் இல்லாத எந்த ஆபரேஷனுக்குக் கடன் கேட்டாலும், எந்த நோய்க்கு, எந்த ரிப்போர்ட்டின்படி, இரண்டாவது டாக்டர் பார்த்தாரா என்று மூணு கேள்வியைக் குழு கேட்கட்டும். கடனை மறுக்கிறதுக்காக இல்லை. அந்த அக்கா தனியா முடிவெடுக்க வேண்டாம்னு. கூடவே, மருத்துவமனைக்குத் துணைக்குப் போகிற உறுப்பினரின் பஸ் செலவைக் குழுக் கணக்கில் எழுத அனுமதி வேணும். எனக்கு ஆனது ஆளுக்கு 64 ரூபாய். 45 ஆயிரத்துக்குப் பக்கத்தில் அதை வெச்சுப் பாருங்க.

இதை இன்றைய கூட்டத்தின் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிகிறவங்க எழுந்து பேர் சொல்லுங்க, செயலாளர் எழுதிக்குவாங்க.