நம் உடம்புக்கும் ஒரு பக்கம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



நான் மைக்கைப் பிடித்தால் சேமிப்பு, கடன் வசூல், தணிக்கை என்றுதான் பேசுவேன். "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று நீங்கள் சிரிப்பதும் எனக்குத் தெரியும். இன்றைக்கு வேறு விஷயம். போன ஜனவரியில் ஜவ்வாது மலையில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் நானும், நம் குழு அக்கா ஒருவரும் ஓடினோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அதற்குப் பெயர் அரை மராத்தான். முழு மராத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதில் பாதி, அதாவது 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் தார் ரோட்டில் இல்லை. கல்லும் முள்ளும், ஏற்றமும் இறக்கமும், நடுவில் ஓடையும் உள்ள மலைப் பாதை. மரக்கிளையில் ரிப்பன் கட்டி வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். 4 மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் குழுக்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டோம். "வாங்கக்கா, பயப்படாதீங்க, ஒரு சொட்டு ரத்தம்தான்" என்று எல்லோரையும் இழுத்து வந்தவள் நான்தான். கடைசியில் நர்சம்மா, "நீங்களும் கையை நீட்டுங்க" என்றார். ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவளுக்கு 8.9! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதை வேலைக் களைப்பு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது என் ஒருத்தி கதை இல்லை. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இந்தக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கலாம்.

டாக்டர் சொன்னபடி பூச்சி மாத்திரை போட்டேன், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். மாத்திரையோடு டீ குடிக்கக்கூடாது, குடித்தால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். நாலு மாதத்தில் 11.6-க்கு வந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கேட்டு நடக்க ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அப்படித்தான் தொடக்கம். வாரம் ஒரு நாள் மட்டும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

ஏரிக்கரையில் நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் நம் அக்கா கூடவே வந்தார். 43 வயது. கூலி வேலை. அவருக்கு ரத்தம் 12-க்கு மேலே இருந்தது. மூன்று மாதத்தில் என்னைவிட நன்றாக ஓடினார். மலைப் பந்தயத்துக்குப் போவோமா என்று கேட்டேன். "செருப்போட ஓடினா கால் வழுக்குமே மேடம்" என்றார். அடியில் பிடிப்பு உள்ள ஷூ 1,200 ரூபாய். குழுவில் உள்கடன் கேட்டார்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரே சத்தம். "ஓடுறதுக்குக் கடனா? நாளைக்கு ஊர் சிரிக்காதா?" என்றார்கள். ஒரு பாட்டி, "பொம்பள இப்படி ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும்" என்றார். அக்கா கோபப்படவில்லை. கடன் பதிவேட்டை எடுத்துத் தரச் சொன்னார். அவருக்குப் படிக்க வராது. என்னைப் படிக்கச் சொன்னார். எட்டு வருடத்தில் அவர் வாங்கிய கடன்: மகன் காலேஜ் பீஸ், மாமியார் கண் ஆபரேஷன், ஆட்டுக்குட்டி, வீட்டுக்காரர் வண்டி ரிப்பேர், மகள் சீமந்தம். எல்லாம் வட்டியோடு கட்டி முடித்தது. "இதுல எனக்குன்னு ஒண்ணு இருக்கா மேடம்?" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. கடனுக்குத் தீர்மானம் போட்டார்கள். ஆறு தவணையில் அடைத்தும் விட்டார்.

அந்தப் பாட்டி சொன்னதை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே அப்படித்தான் நம்பினார்கள். 1967-இல் பாஸ்டன் மராத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண், பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் போட்டுப் பதிவு செய்து 261 என்ற எண்ணோடு ஓடினார். ஓட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரே பாய்ந்து வந்து அவர் எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அவர் விடாமல் ஓடி முடித்தார். 1972-இல்தான் அங்கே பெண்களை முறைப்படி சேர்த்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் வந்தது 1984-இல். கர்ப்பப்பை இறங்கிய தொந்தரவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் ஓடவேண்டும். ஆனால் நல்ல உடம்போடு இருப்பவளுக்கு ஓடுவதால் கர்ப்பப்பை இறங்காது.

பந்தயத்து அன்று காலை 6 மணி, நல்ல குளிர். பட்டணத்திலிருந்து வந்தவர்கள் வேகமாகக் கிளம்பினார்கள். நானும் ரோஷப்பட்டு முதல் அஞ்சு கிலோமீட்டர் இறக்கத்தில் அவர்களோடு ஓடினேன். அக்கா தன் போக்கில் பின்னால் வந்தார். ஏற்றம் வந்தால் நடந்தார். மலை ஓட்டத்தில் ஏற்றத்தில் நடப்பது தப்பே இல்லை. இறக்கத்தில்தான் எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வைக்கவேண்டும். இதெல்லாம் தலையில் விறகுக் கட்டோடு இறங்கிப் பழகிய அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வழியில் சாமை அடித்துக்கொண்டிருந்த மலைக் கிராமத்துப் பெண்கள், "எங்கம்மா ஓடுறீங்க, யார்னா துரத்துறாங்களா?" என்று கேட்டார்கள். சிரிப்பு வந்து மூச்சே நின்றுவிட்டது.

15-ஆவது கிலோமீட்டரில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். முடியாது என்று முடிவே செய்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். பின்னால் வந்த அக்கா கால் நரம்பை நீவிவிட்டு, கொண்டுவந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஏம்மா, உக்காராதே. எந்திரி. மெதுவா நட." நாலு வருடமாக என்னை மேடம் என்று கூப்பிட்டவர் அன்றுதான் "ஏம்மா" என்றார். கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். "நேரமாயிடும், நீங்க போங்கக்கா" என்று நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன்.

அவர் 3 மணி 27 நிமிடத்தில் முடித்தார். நான் 3 மணி 46 நிமிடம். எனக்குப் பின்னால் கொஞ்சம் பேர்தான். பரிசு எதுவும் இல்லை. ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுக்கும் பதக்கம்தான் கிடைத்தது. அக்கா அதை வீட்டில் ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

எல்லோரும் மலையில் ஓடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நடக்கலாம். தினமும் அரை மணி நேரம். காட்டு வேலையே நடைதானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது மற்றவர்களுக்காக நடக்கும் நடை. உங்களுக்காக ஒன்று வேண்டாமா?

நம் குழுக்களில் சேமிப்புக்கு ஒரு பக்கம், கடனுக்கு ஒரு பக்கம், அபராதத்துக்குக்கூட ஒரு பக்கம் இருக்கிறது. நம் உடம்புக்கு மட்டும் பக்கம் இல்லை. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோரும் ரத்தம் பார்ப்போம், அந்த எண்ணை அவரவர் தனி நோட்டில் எழுதி வைப்போம் என்று. குறைந்திருந்தால் மாத்திரை இலவசம்தான். நான் அடுத்த மாதம் வரும்போது கடன் பாக்கியைக் கேட்பதற்கு முன்னால் அந்த எண்ணைத்தான் கேட்பேன். நீங்களும் என்னைக் கேட்கலாம். போன வாரம் பார்த்தேன், 12.3.