சேதுபதிகளின் நவராத்திரி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் விழாவின் பெருமையைப் பேசுவதே முறை. நானோ விழா எடுத்தவர்களின் வீட்டைப் பற்றியும் சிறிது பேச விரும்புகிறேன். அதுவும் அரச வீடு. முத்துக்குளிப்புக் காலங்களில் இந்தக் கொண்டச்சிக் குடாவுக்கு இராமநாதபுரக் கரையிலிருந்து தோணிகள் வந்ததை நம் முதியோர் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தக் கரையை ஆண்டவர்கள் சேதுபதி மன்னர்கள்.

அவர்களுடைய குலதெய்வமான இராஜராஜேஸ்வரி அரண்மனைக்குள்ளேயே கோயில் கொண்டவள். நவராத்திரி வந்தால் அந்த வீட்டுப் பூசை நாட்டுக்கே திருவிழாவாகிவிடும். அம்மனுக்குக் காப்புக் கட்டும்போது மன்னரும் கட்டிக்கொள்வார். இராமலிங்க விலாசத்தில் கொலு நடக்கும். பத்தாம் நாள் மகர்நோன்புப் பொட்டலுக்குப் பவனி சென்று அம்பு எய்வார். அத்தனை நாளும் அவர் ஊரார் கண்முன்னேதான்.

அதே விலாசத்தின் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. முத்து விஜயரகுநாத சேதுபதிக்கு அம்மன் செங்கோல் அளிக்கிறாள். மன்னர் வெள்ளையரை வரவேற்கிறார். மேல்மாடிக்குப் போனாலோ, அவரே அந்தப்புரப் பெண்களுடன் பாட்டும் கேளிக்கையுமாக இருக்கிறார். கட்டியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்! சபைக்கு ஒரு தளம், சொந்த வாழ்வுக்கு ஒரு தளம்.

பாஸ்கர சேதுபதிக்கு அந்த மாடிப்படி வாய்க்கவில்லை. 1868இல் பிறந்தவர், 1873இல் தந்தையை இழந்து, ஆங்கில ஆசிரியர்களின் பொறுப்பில் வளர்ந்தார். 1889இல் பட்டமேற்றார். அப்போது அது அரசல்ல. 1803இலேயே கும்பினியார் ஜமீனாக்கிவிட்டார்கள். ஆயினும் முன்னோரைப்போல் அரசராகவே விழா எடுத்தார். 1892ஆம் ஆண்டு நவராத்திரியின் ஆடம்பரம் இன்றும் எழுதப்படுகிறது. தானமும் அப்படியே. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவர். கடன் ஏறியது. சில ஆண்டுகளுக்குள் ஜமீனைச் சிறுவனான மகனின் பொருட்டுத் தருமகர்த்தர் கையில் ஒப்படைக்க நேர்ந்தது.

அவரை நான் பழிக்கவில்லை. 1897 சனவரி 26ஆம் நாள் பாம்பனில் வந்திறங்கிய விவேகானந்த சுவாமிகளின் வண்டியை மக்களோடு சேர்ந்து இழுத்த மன்னர் அவர். 1903இல், 35 வயதில் காலமானார். ஆனால் அந்தக் கடனில் ஒரு பங்கு பிள்ளையின் சொத்து அல்லவா?

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவுக்கு வீடு வீடாகப் பணம் சேர்க்கும்போது, அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கியாயிற்றா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள். நிலுவைப் பட்டியலில் அவர்கள் பெயரை எழுதவும் வேண்டாம்.