வீட்டில் ஒரு திருச்சபை
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கோவிலின் யூபிலியன்று வீட்டைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

2020-ஆம் ஆண்டு கொரோனாவினால் கோவில் கதவுகள் அடைபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிறு திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். முதல் வாரம் எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி முழந்தாளிட்டோம். நான்காம் வாரம் எழுந்தேற்ற நேரத்தில் என் கையில் காபி இருந்தது! பெட்டியை நிறுத்தியதும் செபமும் நின்றது. அப்போதுதான் உறைத்தது: மாலையில் செபமாலை சொல்லும் வழக்கம் என் தாயாரோடு போய்விட்டிருந்தது.

நமக்குச் சில மாதங்கள். ஜப்பானின் நாகசாகிப் பகுதியிலோ, வேதகலாபனையால் 200 ஆண்டுகளுக்கு மேல் குருக்கள் இல்லை, கோவில் இல்லை, திருப்பலி இல்லை. ஆயினும் 1865 மார்ச் 17-ஆம் நாள், புதிதாகக் கட்டிய ஓவுரா கோவிலுக்கு உராக்காமி ஊர் மக்கள் வந்து, பெத்திஜான் சுவாமியாரிடம் தங்கள் விசுவாசத்தை வெளிப்படுத்தி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். அதைக் காத்தவர்கள் யார்? தாய் தந்தையர்தாம். ஞானஸ்நானம் கொடுக்கவும், திருநாள்களைக் கணக்கிடவும் தங்களுக்குள்ளேயே ஆள் வைத்திருந்தார்கள்.

குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னதைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கேட்டதோடு சரி.

கோவில் திறந்தபின் வீட்டில் செபமாலை தொடங்கினேன். தேவ இரகசியங்களின் வரிசை எனக்கே மறந்துபோயிருந்தது. பத்து வயதுப் பேரன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தான். வாரத்தில் மூன்று நாள் தவறிவிடுகிறது. நேற்று தவறவில்லை.