பத்தலகொடவிலிருந்து மாலிக்குச் சென்ற நெல்



நான் வேளாண் அறிஞன் அல்லன், கணினித்துறையில் பணிபுரிபவன். வன்னியில் வயல் செய்த குடும்பத்தில் பிறந்தவன் என்பது ஒன்றே நெல்லைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி. எங்கள் வீட்டில் 'பீஜி' என்று சொல்லியே விதைநெல் வாங்குவார்கள். அவ்வெழுத்துகள் குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பன என்பதைப் புலம்பெயர்ந்த பின்னரே அறிந்தேன்.

அந்நிலையம் 1975-இல் பீஜி 90-2 என்னும் நெல்லினத்தை வெளியிட்டது. அதன் முன்னோரைத் தேடினால் இந்தோனேசியாவின் பேட்டாவும் றெமாஜாவும் தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1-உம் நிற்கின்றன. இலங்கையின் பெயரால் வந்த நெல்லில் இலங்கைக்கு வெளியே விளைந்த அறிவே மிகுதி.

அதே 1975-இல், பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு பரிசோதனை வலையமைப்பைத் தொடங்கியது. ஒவ்வொரு நாடும் தன் சிறந்த வழிகளைக் கொடுக்கும்; அவை ஒரே வகைப் பொட்டலங்களாகப் பிற நாடுகளுக்குச் செல்லும்; பெற்ற நாடு தன் செலவில் தன் மண்ணில் விதைத்து முடிவைத் திருப்பி அனுப்பும். பொருந்திய வழியை எந்த நாடும் எடுத்துக்கொள்ளலாம். நோய்த்தாக்கத்தை 0 முதல் 9 வரை மதிப்பிடும் பொது அளவுகோலையும் அதே ஆண்டில் வகுத்துவிட்டனர். இரண்டு நிறுவனங்களின் தரவுத்தளங்களை இணைப்பதற்கே ஆண்டுக்கணக்கில் கூட்டம் போடும் என் துறையினர் இதைக் கேட்டால் வெட்கப்பட வேண்டும்.

பீஜி 90-2 இவ்வாறே கடல் கடந்தது. 1980-களில் மாலியின் நைஜர் ஆற்றுப் பாசனப் பரப்பில் அது பரவலாகப் பயிரானது. 1990-களின் தொடக்கத்தில் மஞ்சள் தேமல் வைரசு அதைக் கடுமையாகத் தாக்கியது. 1966-இல் கென்யாவில் முதலில் கண்டறியப்பட்ட இந்நோய் ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரியது, ஆசியாவில் இல்லை. பத்தலகொடவில் எத்தனை திறமையான அறிஞர் இருந்தாலும் அந்தப் பலவீனத்தைத் தம் வயலில் கண்டிருக்க முடியாது. ஆப்பிரிக்க மண்ணில், ஆப்பிரிக்க அறிஞர் செய்யும் பரிசோதனையே அதைக் காட்டும். அந்நோய்க்கு உறுதியான எதிர்ப்பு எங்கே கிடைத்தது தெரியுமா? மொசாம்பிக்கின் ஜிகான்டே என்னும் நெல்லில். 1971-இல் 11 நாடுகள் கூடி அமைத்த மேற்கு ஆப்பிரிக்க நெல் மேம்பாட்டுச் சங்கம் அந்த எதிர்ப்பு மரபணுவைத் தன் பகுதி இனங்களுக்குள் ஏற்றும் பணியை மேற்கொண்டது.

எவன்சன், கோலின் என்னும் பொருளியலாளர் இருவர் 1,700-க்கும் மேற்பட்ட நெல்லினங்களின் மரபுவழியை ஆராய்ந்து, இவ்வலையமைப்பு நின்றுபோனால் உலகில் ஆண்டுதோறும் வெளியாகும் இனங்களில் ஏறத்தாழ இருபது குறையும் என 1997-இல் மதிப்பிட்டனர்.

ஆயினும் விதைப்பரிமாற்றம் இன்று எளிதன்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த உயிரியற் பன்மை உடன்படிக்கை, மரபுவளம் அந்தந்த நாட்டின் உரிமை என்றது. ஏழை நாடுகளின் விதையை எடுத்துப் பிறர் காப்புரிமை பெற்ற அனுபவத்தின் பின் அந்த அச்சம் நியாயமானதே. 2004-இல் நடைமுறைக்கு வந்த தாவர மரபுவள ஒப்பந்தம் நெல்லைப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. கதவு திறந்திருக்கிறது; விதையைக் கொடுக்கும் மனம்தான் இன்னும் தயங்குகிறது.

தாயக வேளாண்மைக்கு உதவுவோம் என்றால் நம்மவர் உடனே கட்டடத்துக்கு நன்கொடை தருகின்றனர். பொட்டலத்தின் அஞ்சற்செலவுக்கும், வயலில் நின்று 0 முதல் 9 வரை எழுதும் இளைஞரின் சம்பளத்துக்கும் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை. அடுத்த ஆண்டு நம் வேளாண் நிதியில் பாதியை இவ்விரண்டுக்கும் ஒதுக்குமாறு செயற்குழுவை வேண்டுகிறேன். பரிசோதனை முடிவுகளைப் பொது வடிவில் பதிவேற்றும் மென்பொருள் வேலையை நானும் என் நண்பர்களும் ஊதியமின்றிச் செய்து தருவோம்.